நாக்ஸோஸில் ஒரு குடும்பம் நடத்தும் ஹோட்டல்: பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள். யாரை நம்புவது?

பயணப்பை (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் கிரீஸ் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பையன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். ஏதென்ஸ் பார்த்துவிட்டு அங்கிருந்து கப்பலில் நாக்ஸோஸ் தீவு. சாந்தோரினி தீவு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். விலையும் கட்டுப்படியாகவில்லை, அங்கே இருக்கும் படிக்கட்டுகளை அம்மாவால் ஏறி இறங்கவும் முடியாது.

அயியா அன்னா கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று நட்சத்திரம். அப்பா, அம்மா, மகன், மருமகள் என்று ஒரே குடும்பம் நடத்துகிறது. படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. மதிப்புரைகளைப் படித்தால்தான் குழப்பம். ஒருவர் "சொந்தக்காரர் வீட்டில் தங்கிய மாதிரி இருந்தது" என்கிறார். அதே கோடையில் தங்கிய இன்னொருவர் "அறை பழசு, சத்தம், காசு வாங்குவதில் மட்டும் கறார்" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை, இருவருமே நிதானமாக விவரம் சொல்லித்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஹோட்டல் பெயரை இங்கே போடவில்லை. அந்தப் பக்கம் தங்கியவர்கள் தனிமடலில் கேட்டால் சொல்கிறேன். அம்மாவை அழைத்துப்போவதால்தான் இவ்வளவு யோசனை.

ஈஸ்ட்ஹாம் அக்கா (லண்டன்)

தம்பி, தனிமடலில் பெயரைப் பார்த்தேன். நாங்கள் அங்கே ஒரு முறைக்கு மேல் தங்கியிருக்கிறோம். யோசிக்காமல் போங்கோ.

முதல் தரம் போனபோது கப்பல் இரண்டு மணித்தியாலம் பிந்தி, இரவு பதினொன்றுக்குத்தான் துறைமுகத்தில் இறங்கினோம். ஹொட்டேல்காரர் வான் வண்டியைக் கொண்டுவந்து பெயர்ப் பலகையோடு நின்றுகொண்டிருந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. நாக்ஸோஸில் சின்ன ஹொட்டேல் வைத்திருப்பவர்கள் பலரும் இப்படித் துறைமுகத்துக்கு வருவினம். பெரிய ஹொட்டேல் என்றால் அந்த நேரம் டாக்சிக்கு நாங்கள்தான் அலைந்திருக்க வேணும்.

அந்த முறை எங்கட சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த வீட்டு மருமகள்தான் தன்ர காரில், தீவின் பெரிய ஊரான ஹோராவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டொக்டரோடு கிரேக்கத்தில் கதைத்து, மருந்தும் எடுத்துத் தந்தா. திரும்பி வந்தால் கிழவி கோழி சூப் வைத்திருக்கிறா. சோறு போட்டு, முட்டையும் தேசிக்காய்ப் புளியும் அடித்து ஊற்றிய சூப். பிள்ளை இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாதவள், அதை முழுக்கக் குடித்தாள். கிழவிக்கு ஒரு சொல்லும் இங்கிலீஷ் வராது. மகளின் நெற்றியில் கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தா.

அறை பழசுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டிருப்பினம், நடுவில் பள்ளம். மெத்தை கல்லு மாதிரி. அதுக்காக நான் அந்த இடத்தை விடமாட்டன்.

மலைக்கோட்டை (திருச்சி / துபாய்)

நானும் தனிமடலில் பெயரைக் கேட்டு வாங்கினேன். சந்தேகமே இல்லை, அதே இடம்தான். எனக்கு நேர் எதிரான அனுபவம்.

ஆகஸ்டில் போனோம். கடல் தெரியும் அறை என்று கூடுதல் பணம் கட்டி, மார்ச் மாதமே பதிவு செய்திருந்தேன். போய் இறங்கினால் பின்பக்க அறையைக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடமும் குப்பைத் தொட்டியும். கேட்டதற்கு, "முன்பக்க அறையில் இருப்பவர்கள் வருடா வருடம் வருகிறவர்கள், இன்னும் நான்கு நாள் நீட்டித்துவிட்டார்கள், கிளம்பியதும் உங்களுக்குத்தான்" என்றார் மகன். சிரித்த முகத்தோடுதான் சொன்னார், தட்டில் அத்திப்பழம் வைத்துக் கொடுத்தார். எனக்கு வேண்டியது அத்திப்பழம் இல்லை, நான் பணம் கட்டிய அறை. கடைசிவரை அந்த அறை கிடைக்கவில்லை. வித்தியாசப் பணத்தில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் நான் மூன்று முறை கேட்ட பிறகு.

அந்தப் பின்பக்க அறைக்கு நேர் கீழே சமையலறை. காலை ஆறு மணிக்கே பாத்திரச் சத்தம் ஆரம்பித்துவிடும். துண்டும் விரிப்பும் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் மாற்றினார்கள். போதாக்குறைக்கு, வந்து இறங்கியதுமே ஒரு இரவுக்கு 5 யூரோ வீதம் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார்கள். பதிவு செய்த தளத்தில் கட்டிய தொகையில் அது இல்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா மனம் நிறைந்து எழுதியிருக்கிறார், மதிக்கிறேன். ஆனால் அவர் அந்த வீட்டுக்குத் தெரிந்தவர். முதல் முறை போகிறவனுக்கு அங்கே என்ன இடம் என்பதைத்தான் நான் சொல்கிறேன். எனக்குக் கிடைக்க வேண்டிய அறையில் இருந்தவர்களும் நிச்சயம் ஐந்து நட்சத்திரம்தான் போட்டிருப்பார்கள்.

பயணப்பை

நன்றி இருவருக்கும். மலைக்கோட்டை சார், அந்த 5 யூரோ விவகாரம்தான் எனக்கும் புரியவில்லை. நான் பார்த்த வேறு இரண்டு மோசமான மதிப்புரைகளிலும் அதே புகார். அது ஹோட்டல்காரர்கள் தாங்களாகப் போடுவதா?

கப்பல்காரன் (தூத்துக்குடி)

கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் வேலை, அதனால் ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகம் பழக்கம். விடுப்பில் தீவுகளிலும் தங்கியிருக்கிறேன்.

அந்த 5 யூரோ அரசாங்க வரி. 2018-லிருந்தே இரவுக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருந்தது. 2023-ல் காட்டுத்தீ, வெள்ளம் என்று நாடு பட்டபாட்டுக்குப் பிறகு, 2024-ல் அதை எடுத்துவிட்டுப் பருவநிலைப் பாதிப்புகளைச் சமாளிக்கும் நிதிக்கு என்று புதுக் கட்டணமாகக் கொண்டுவந்தார்கள். 2025-ல் அதை இன்னும் ஏற்றினார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு: ஒன்று, இரண்டு நட்சத்திரம் என்றால் 2 யூரோ, மூன்றுக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. தலைக்கு இல்லை, அறைக்கு. இதை வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டியது ஹோட்டலின் கடமை. பதிவுத் தளங்கள் பெரும்பாலும் இதை அறை வாடகையோடு சேர்த்து வாங்குவதில்லை, கீழே சின்ன எழுத்தில் போட்டுவிடுகின்றன. அதனால் திட்டெல்லாம் வரவேற்பறையில் நிற்கிற அந்தக் குடும்பத்துக்குப் போகிறது. ரசீது கேளுங்கள், தர வேண்டும்.

இதே மாதிரி ஹோட்டல்காரர் கையில் இல்லாத விஷயங்களுக்கு நட்சத்திரம் குறைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கழிவறையில் காகிதத்தைப் போடாதே, பக்கத்துத் தொட்டியில் போடு என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். "அருவருப்பு, ஒரு நட்சத்திரம்" என்று எழுதுவார்கள். தீவுகளில் கழிவுநீர்க் குழாய்கள் குறுகலானவை, காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். நாடு முழுக்கப் பல இடங்களில் அப்படித்தான். நாம் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள், அந்தக் கைக்குழாய் அங்கே அநேகமாக இருக்காது, ஒரு சின்ன குவளையை எடுத்துப் போங்கள்.

அப்புறம் மதியத் தூக்கம். ஏப்ரல் முதல் செப்டம்பர் முடியும்வரை பிற்பகல் 3 முதல் 5:30 வரை சத்தம் போடக்கூடாது என்பது அங்கே காவல்துறை விதி. அந்த நேரத்தில் வரவேற்பறையில் ஆள் இருக்காது. "கூப்பிட்டால் யாருமே வரவில்லை" என்று புகார் எழுதியவர்கள் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள்.

ஆனால் மலைக்கோட்டை அண்ணாவின் அறை விஷயம் இந்த வகையில் சேராது. அது முழுக்க அந்தக் குடும்பம் எடுத்த முடிவு.

ஈஸ்ட்ஹாம் அக்கா

மலைக்கோட்டை தம்பிக்கு நடந்தது பிழைதான். அதை நான் மூடி மறைக்க வரவில்லை. ஆனால் அவர்களின் பக்கத்தையும் ஒருக்கால் யோசியுங்கோ. பதினைந்து அறைகூட இல்லாத இடம். இருபது வருஷமாக வாற ஒரு வயது போன சோடி இன்னும் நான்கு நாள் நிற்கப்போறம் என்று கேட்டால், அந்த மனிசரால் எழும்பிப் போங்கோ என்று சொல்ல முடியாது.

மலைக்கோட்டை

அக்கா, அதைத்தான் நானும் சொல்கிறேன். அவர்களிடம் சொல்ல முடியவில்லை, என்னிடம் சொல்ல முடிந்தது. முகம் தெரிந்தவருக்கு ஒரு நியாயம், பணம் கட்டிவிட்டு வருகிற அந்நியனுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடுகிறது. பெரிய ஹோட்டலில் யாருக்கும் கோழி சூப் வைத்துத் தரமாட்டார்கள், சரி. ஆனால் பதிவு செய்த அறை இல்லையென்றால் அதைவிட நல்ல அறையைத் தருவார்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தருவார்கள். எனக்கு அது போதும். பாசத்தைக் காட்டிக் கடமையைத் தள்ளிவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

தென்காற்று (கோவை)

வேறு ஒரு விஷயம். நாங்கள் கல்யாணமான புதிதில் தங்கியது அந்த ஹோட்டலில் இல்லை, அதே கடற்கரையில் இன்னொரு குடும்ப ஹோட்டலில் தங்கினோம். ரொம்ப நல்ல மனிதர்கள். ஆனால் தினமும் வெளியே கிளம்பும்போது எங்கே போகிறீர்கள், திரும்பும்போது எங்கே சாப்பிட்டீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், ஏன் அங்கே போனீர்கள், எங்கள் தம்பி கடைக்குப் போயிருக்கலாமே என்று விசாரணை. என் கணவருக்கு அது பிடித்திருந்தது. எனக்கு இரண்டாம் நாளே மூச்சு முட்டியது. ஊரில் மாமியார் வீட்டில் பதில் சொல்லிவிட்டுத்தான் விமானமே ஏறினோம், அங்கேயும் வந்து பதில் சொல்ல வேண்டுமா என்று இருந்தது. ஒரே அறையில் தங்கிய எங்கள் இருவருக்கே இரண்டு கருத்து. எங்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லியிருந்தால் அதைப் படிக்கிறவர் இரண்டு வேறு ஹோட்டல்கள் என்றுதான் நினைப்பார்.

அடுப்பங்கரை (மதுரை)

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்கள் சைவம்தான், நாக்ஸோஸில் பட்டினி கிடக்கவில்லை. அந்தத் தீவு சாப்பாட்டுக்குப் பேர்போனது. அங்கே விளைகிற உருளைக்கிழங்கைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். பெரிய பெரிய துண்டாக ஆலிவ் எண்ணெயில் பொரித்து, மேலே உப்பும் கற்பூரவல்லி மாதிரி மணக்கும் ஓரிகானோவும் தூவித் தருவார்கள். என் பையன் தினம் அதைத்தான் சாப்பிட்டான். பசும்பாலில் செய்கிற கிராவியேரா பாலாடைக்கட்டியும் அந்தத் தீவுச் சரக்குதான்.

யிகாந்தெஸ் என்று கேளுங்கள், பெரிய வெள்ளை மொச்சை மாதிரிப் பயறு, தக்காளியில் சுட்டது. ஃபாவா என்பது மஞ்சள் பருப்பு மசியல், வெங்காயமும் எலுமிச்சையும் போட்டது, நம் நாக்குக்குப் பழகியதுதான். யெமிஸ்தா என்றால் தக்காளியிலும் குடமிளகாயிலும் அரிசி அடைத்துச் சுட்டது. இதில் மட்டும் கவனம், சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். திராட்சை இலையில் சுற்றிய தோல்மாதெஸும் அப்படியே. "நிஸ்திசிமோ" என்று கேளுங்கள். அவர்கள் விரத நாளில் சாப்பிடுகிற சாப்பாடு அது: இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. ஆனால் கணவாய், இறால் போன்றவை விரதத்தில் உண்டு, அதையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கிராவியேரா, ஃபெட்டா போன்ற பாலாடைக்கட்டிகளைக் கன்று, ஆட்டுக்குட்டி போன்றவற்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது வழக்கம். அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். தயிரும் தைம் பூத் தேனும் போதும்.

குடும்ப ஹோட்டலில் இதுதான் வசதி. சமைப்பவரையே நேரில் பார்த்துச் சொல்லலாம். நாங்கள் தங்கிய இடத்தில் அந்த அம்மா என்னைச் சமையலறைக்குள்ளேயே கூப்பிட்டு மூடிகளைத் திறந்து காட்டினார். காலைச் சாப்பாடு மட்டும் தினமும் ஒரே மாதிரி: முட்டை, தயிர், தேன், ரொட்டி, வீட்டில் செய்த சீமைமாதுளை இனிப்பு. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் மூன்றாம் நாள் சலித்துக்கொண்டார்கள். வகைவகையாக அடுக்கி வைத்திருக்கும் பந்தியை எதிர்பார்த்து வந்தவர்கள் அவர்கள்.

வரவேற்பறை (ரோட்ஸ் தீவில் வேலை பார்த்தவன்)

ஹோட்டல் மேலாண்மை படித்துவிட்டு ரோட்ஸில் பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தேன். விடுமுறை நாட்களில் நண்பனின் குடும்பம் நடத்திய சின்ன ஹோட்டலில் கை கொடுப்பேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரிய ஹோட்டலில் அறை 214-க்கும் 314-க்கும் மாடி மட்டும்தான் வித்தியாசம். யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில் வரும். குடும்ப ஹோட்டல் அப்படிக் கட்டப்பட்டதே இல்லை. தாத்தா காலத்தில் கீழே நான்கு அறை, ஐரோப்பியப் பயணிகள் வர ஆரம்பித்ததும் மேலே ஒரு மாடி, பிள்ளைக்குக் கல்யாணம் ஆனபோது பக்கவாட்டில் இரண்டு. பெருங்கடனும் கிடையாது, பெரிய வரைபடமும் கிடையாது. அதனால் ஒரே கூரையின் கீழ் அருமையான அறையும் இருக்கும், விற்கவே கூடாத அறையும் இருக்கும். பதிவுத் தளத்திலோ இரண்டுக்கும் ஒரே படம். மலைக்கோட்டை சாரும் ஈஸ்ட்ஹாம் அக்காவும் முட்டிக்கொள்ளக் காரணம் இதில்தான் பாதி இருக்கிறது.

மீதி, மாதம். அங்கே சீசன் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து அக்டோபரோடு முடிந்துவிடும். வருடச் சாப்பாடு முழுவதும் அந்த ஆறு, ஏழு மாதத்தில் வர வேண்டும். பதிவுத் தளத்துக்குக் கமிஷன் 15 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல். வெளியாள் வைத்தால் ஒரு பெண் துப்புரவுக்கு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டு ஆட்கள். இரவு பன்னிரண்டுக்குக் கப்பலிலிருந்து விருந்தாளியை அழைத்து வருகிறவர்தான் காலை ஏழுக்குக் காபி போடுகிறார். மே மாதத்தில் உட்கார்ந்து பேசி, வரைபடத்தில் கோடு போட்டு, எந்தக் கடற்கரையில் காற்று அடிக்காது என்று சொல்கிற அதே மனிதர், ஆகஸ்டில் சாவியை நீட்டிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவார். என் நண்பனின் அப்பா ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் பெருவிழா அன்றுகூடக் கோயிலுக்குப் போக முடியாமல் அடைத்த குழாயைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல்மாடி ஆள் காகிதத்தை உள்ளே போட்டதால் வந்த வினை.

வெந்நீர் புகாரும் இதே வகை. கூரையில் சூரிய வெந்நீர்க் கலம் இருக்கும். கோடையில் கொதிக்கும். மே தொடக்கத்தில் மேகம் போட்டால் சாயங்காலம் வெதுவெதுப்புதான். மின்சாரச் சுருளுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். விருந்தாளிக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மறந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது தினப்பழக்கம். வெந்நீர் இல்லாமல் குளித்தவர் கோபப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை.

ஆனால் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கடல் பார்த்த அறைக்குப் பணம் வாங்கிவிட்டுக் குப்பைத் தொட்டி பார்த்த அறையைக் கொடுப்பது எந்தக் குடும்பம் செய்தாலும் தவறு. முழு வித்தியாசத்தையும் கேட்காமலே திருப்பித் தந்திருக்க வேண்டும். அங்கே புகார்ப் படிவம் என்று ஒன்று உண்டு. மலைக்கோட்டை சார் அதைக் கேட்டிருந்தாலே அன்று சாயங்காலமே தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பயணப்பை, நீங்கள் மதிப்புரைகளின் சராசரியைப் பார்க்காதீர்கள். மே, செப்டம்பர், அக்டோபரில் எழுதியவற்றை மட்டும் எடுத்துப் படியுங்கள். வயதானவரோடு போனவர் யாராவது எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். பிறகு ஹோட்டலுக்கே நேரடியாக மின்னஞ்சல் போட்டு, தரைத்தளத்தில் எந்த அறை, அதன் எண் என்ன, குளியலறையில் படி உண்டா, தொட்டியா தரையா என்று கேளுங்கள். அறை எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மலைக்கோட்டை

புகார்ப் படிவம் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. தகவலுக்கு நன்றி. அறை எண்ணை எழுத்தில் வாங்குவது நல்ல யோசனை. இருந்தாலும் ஆகஸ்டில் போகிறவர்களுக்கு நான் அந்த இடத்தைச் சொல்ல மாட்டேன். சோர்வாக இருக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஆகஸ்டில்தான் வாடகையும் உச்சத்தில் இருக்கிறது. அதிகப் பணம் கொடுக்கிறவனுக்குக் குறைந்த கவனிப்பு என்பதை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பயணப்பை

எழுதிப் பார்த்தேன். மறுநாளே பதில் வந்துவிட்டது, மருமகள் எழுதியிருக்கிறார். தரைத்தளத்தில் மூன்று அறைகள்தான், இரண்டில் குளியலறைக்கு உயரமான படி, மூன்றாவதில் படி இல்லை, ஆனால் அதிலிருந்து கடல் தெரியாது, தோட்டம்தான் தெரியும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். குளியலறைத் தரையைத் தானே படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து எடுத்திருக்கிறார், உயரம் தெரியட்டும் என்று. அம்மாவுக்கும் பையனுக்கும் அந்த அறை, எங்களுக்குப் பக்கத்து அறை. அறை எண்களை எழுத்தில் கொடுத்துவிட்டார். நேரடியாகப் பதிவு செய்ததால் வாடகையும் கொஞ்சம் குறைவு. விசாவுக்குத் தேவையான உறுதிக் கடிதமும் தருகிறார். வரியைப் பற்றி அவராகவே ஒரு வரி எழுதியிருந்தார்: அறைக்கு இரவுக்கு 5 யூரோ, வந்த பிறகு கட்ட வேண்டும் என்று.

பதிவு செய்துவிட்டேன். தென்காற்று சொன்ன விசாரணை எங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும், கேட்க ஆள் இல்லையென்றால்தான் அவருக்கு வருத்தம்.

கடைசியாக ஒன்று. கப்பல்காரன் சார், பிரேயஸிலிருந்து அதிவேகக் கப்பலா, சாதாரணக் கப்பலா?

கப்பல்காரன்

சாதாரணப் பெரிய கப்பல். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், வழியில் பாரோஸில் நிற்கும். அதிவேகக் கப்பல் நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் சின்னது, அலை அடித்தால் வயிற்றைப் புரட்டும், வெளியே போய் நிற்க இடமும் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் அடிக்கிற மெல்தெமி வடக்காற்று செப்டம்பர் கடைசியில் பெரும்பாலும் தணிந்திருக்கும், ஆனாலும் அம்மாவை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு. பெரிய கப்பலில் நகரும் படிக்கட்டு இருக்கும், மின்தூக்கி வேண்டும் என்று ஏறும்போதே ஊழியரிடம் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து நேரே வருவதானால் மெட்ரோ மாறாமலே பிரேயஸ் வரை வரும், 2022 முதல் அந்த வசதி இருக்கிறது.

நாக்ஸோஸில் கப்பல் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கார் தளத்துக்கு இறங்கி முண்டியடிப்பார்கள். நீங்கள் ஒரு பதினைந்து நிமிடம் முன்பே அம்மாவைக் கீழே அழைத்து வந்து ஓரமாக உட்கார வைத்துவிடுங்கள். கப்பல் பெயரையும் வந்து சேரும் நேரத்தையும் அந்த மருமகளுக்கு முதல் நாளே எழுதிவிடுங்கள், வேன் தயாராக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

அம்மாவுக்கு ஒரு மெல்லிய தலையணையும் போர்வையும் கொண்டுபோங்கோ தம்பி. அந்த மெத்தையில் அவ்வளவு விரித்தால்தான் முழங்காலுக்குச் சுகமாக இருக்கும். கேட்டால் அவர்களும் இன்னொரு போர்வை தருவினம், வந்து இறங்கிய இரவே கேட்டுவிடுங்கோ.